பென் டிரைவ் போல நடிக்கும் யூஎஸ்பி டிரைவர்: லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் தொங்குகிறது. பிழையை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். லினக்ஸ் ஓடும் ஒரு ஆர்ம் போர்டு. அதன் யூஎஸ்பி போர்ட்டை டிவைஸ் பக்கமாக வைத்து, உள்ளே இருக்கும் இமேஜ் ஃபைலைப் பென் டிரைவாகக் காட்டும் கேஜெட் டிரைவரை (டிவைஸ் பக்கத்து யூஎஸ்பி டிரைவரை) நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லினக்ஸ் கணினியில் செருகினால் மவுன்ட் ஆகிறது. விண்டோஸில் சில சமயம் உடனே வருகிறது, சில சமயம் எக்ஸ்ப்ளோரர் உறைந்துபோய் டிரைவே மறைந்துவிடுகிறது. உங்கள் லாக் மட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் போய்விட்டது என்கிறது. இது போதாதென்று, பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது எப்போதாவது செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் போகிறது.

இவை இரண்டும் வெவ்வேறு பிழைகள் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பிழையைப் பற்றி என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வட்டுபோல நடிக்கும் டிரைவரில் படிப்பதும் எழுதுவதும் எல்லோருக்கும் சீக்கிரமே சரியாக வந்துவிடும். ஹோஸ்ட் (செருகப்படும் கணினி) கேட்டதை டிவைஸ் (உங்கள் போர்டு) மறுக்க வேண்டிய இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும். "அந்தக் கட்டளை எனக்குத் தெரியாது", "நீ கேட்ட அளவு என்னிடம் இல்லை" என்று முறைப்படி சொல்வதற்கு இந்த நெறிமுறையில் நிறைய நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் அந்த இடங்களைத் தட்டிப் பார்க்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் தட்டுவதில்லை.

கோடைத் திறப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒன்று, உங்கள் டிரைவரை இறக்கிவிட்டு, கெர்னலோடு வரும் ஜி-மாஸ்-ஸ்டோரேஜ் மாட்யூலை அதே போர்டில், அதே இமேஜ் ஃபைலோடு ஏற்றுங்கள். ஆலன் ஸ்டெர்ன் எழுதிய ஃபைல்-ஸ்டோரேஜ் கேஜெட்டிலிருந்து, 2009-ல் மிஹாவ் நாசரேவிச் சாம்சங்கில் இருந்தபோது வடித்தெடுத்த கோடு அது. பல வருடம் பலவிதமான ஹோஸ்ட்களில் அடிபட்டுத் தேறியது. அதுவும் உங்கள் போர்டில் விண்டோஸோடு தொங்கினால், குற்றம் உங்கள் கோடில் இல்லை, கீழே உள்ள டிவைஸ் கன்ட்ரோலரின் டிரைவரில். இரண்டாவது சோதனை இதற்கு நேர்மாறு. உங்கள் டிரைவரை ஒரு சாதாரண கணினியில் டம்மி-ஹெச்சிடி மாட்யூல் மேல் ஓட்டுங்கள். அது ஒரே கணினிக்குள் ஹோஸ்ட் கன்ட்ரோலராகவும் டிவைஸ் கன்ட்ரோலராகவும் நடித்து, நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு டேட்டாவை நகர்த்துகிறது. கம்பி கிடையாது, டிஎம்ஏ (சிபியூ இல்லாமலே ஹார்டுவேர் நினைவகத்தை எட்டுவது) கிடையாது. அங்கேயும் பிழை வந்தால் அது உங்கள் லாஜிக்கில்தான். கெர்னலின் கேசன் (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைப் பிடிப்பது), அணுநிலையில் தூங்குவதைப் பிடிக்கும் சோதனை எல்லாவற்றையும் அந்தக் கணினியில் தாராளமாக இயக்கலாம். போர்டு தாங்காத சோதனைகளை இது தாங்கும்.

இனி கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். நீங்கள் செய்வது பல்க்-ஒன்லி முறை: இன்டர்ஃபேஸ் கிளாஸ் 08, சப்கிளாஸ் 06, புரோட்டோகால் 50. ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று கட்டம். ஹோஸ்ட் 31 பைட் சிபிடபிள்யூ (கட்டளைப் பொட்டலம்) அனுப்பும். தேவைப்பட்டால் டேட்டா போகும் அல்லது வரும். கடைசியில் டிவைஸ் 13 பைட் சிஎஸ்டபிள்யூ (நிலையைச் சொல்லும் பொட்டலம்) அனுப்பும். ஹோஸ்ட் அனுப்பும் முதல் இன்க்வைரி (நீ யார் என்று கேட்கும் கட்டளை) இப்படி இருக்கும்:

55534243 01000000 24000000 80000612 00000024 00000000 00000000 000000

முதல் நான்கு பைட் அடையாளக் குறி. அடுத்த நான்கு டேக், அதாவது கட்டளையையும் அதன் பதிலையும் இணைக்கும் எண். அதற்கடுத்த நான்கு, ஹோஸ்ட் எதிர்பார்க்கும் டேட்டா நீளம்; இங்கே ஹெக்ஸ் 24, அதாவது 36 பைட். 80 என்றால் டேட்டா டிவைஸிலிருந்து ஹோஸ்ட்டுக்கு வர வேண்டும். பிறகு லன் எண் (டிவைஸுக்குள் எந்த வட்டு என்பது) 00, கட்டளையின் நீளம் 06, அப்புறம் கட்டளையே: 12 என்பது இன்க்வைரி. நீங்கள் 36 பைட் கொடுத்த பிறகு போக வேண்டிய சிஎஸ்டபிள்யூ இது:

55534253 01000000 00000000 00

அதே டேக், மிச்சம் பூஜ்யம், நிலை 00. நிலை 01 என்றால் கட்டளை தோற்றது, 02 என்றால் இரண்டு பக்கமும் நெறிமுறையில் தடம் மாறிவிட்டன என்று பொருள். ஒன்றைக் கவனியுங்கள்: சிபிடபிள்யூவில் உள்ள நீளம் சிறிய முனை முதலாக வருகிறது, உள்ளே இருக்கும் ஸ்கஸி (வட்டுகளுக்கான கட்டளை மொழி) கட்டளையின் நீளமும் செக்டர் எண்ணும் பெரிய முனை முதலாக வருகின்றன. ஒரே பொட்டலத்தில் இரண்டு மரபு. இங்கே தவறினால் நல்லவேளையாகச் சீக்கிரமே தெரிந்துவிடும். வட்டின் அளவைக் கேட்கும் ரீட் கெபாசிட்டி கட்டளைக்குத் தரும் பதிலில் 512-ஐத் தலைகீழாகப் போட்டால், செக்டர் அளவு 131072-ஐ ஆதரிக்கவில்லை என்று லினக்ஸ் லாகில் வரும். அந்த எண்ணைப் பார்த்த உடனே பைட் வரிசை என்று புரிந்துகொள்ளலாம். அதே கட்டளையில் இன்னொரு பழைய பொறி உண்டு. அங்கே கேட்பது கடைசி செக்டரின் எண், மொத்த எண்ணிக்கை அல்ல. 64 எம்பி இமேஜில் 131072 செக்டர் என்றால் பதில் 131071. இந்த ஒன்று பிசகிய டிவைஸ்கள் சந்தையில் ஏராளம். அவற்றுக்காகவே லினக்ஸின் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரில் தனிக் கொடி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பிரதான பிரச்சினைக்கு வருகிறேன். லினக்ஸ் ஹோஸ்ட்டில் யூஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, டீபக்-எஃப்எஸ் வழியாகவோ வயர்ஷார்க் வழியாகவோ பதிவெடுங்கள். விண்டோஸ் பக்கம் யூஎஸ்பிபிகேப் போதும். யூஎஸ்பிமானில் ஒரு டிரான்ஸ்ஃபர் தொடங்கும் வரியில் -115 இருந்தால் பயப்பட வேண்டாம். வேலை நடக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். முடியும் வரியில் வரும் எண்தான் முக்கியம். -32 ஸ்டால், அதாவது டிவைஸ் மறுத்து அந்தப் பாதையை நிறுத்திவிட்டது. -75 என்றால் ஹோஸ்ட் கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டீர்கள். -71 கம்பி மட்டத்துக் கோளாறு, அல்லது டிவைஸ் பதிலே தரவில்லை. -104 என்றால் ஹோஸ்ட் காத்திருந்து அலுத்துப்போய்த் தானே ரத்து செய்திருக்கிறது.

உங்கள் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், தொங்கும்போது எடுத்த பதிவில் (லினக்ஸிலேயே அதை வரவழைக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்) இந்த வரிசை இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஹோஸ்ட் ஒரு கட்டளை அனுப்புகிறது. டேட்டா கட்டம் -32 என்று முடிகிறது. உடனே கன்ட்ரோல் பைப்பில் 02 01 0000 0081 0000 போகிறது. முதலாம் இன் என்ட்பாயின்ட்டின் (டிவைஸிலிருந்து ஹோஸ்ட்டுக்கு டேட்டா வரும் பாதையின்) ஸ்டாலை நீக்கு என்று பொருள். அது வெற்றி. அடுத்து ஹோஸ்ட் 13 பைட் கேட்டு உட்காருகிறது. அமைதி. 30 விநாடி கழித்து -104. பிறகு லாகில் "ரீசெட் ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்" வரி. உங்கள் பக்கத்து லாகிலோ அந்த சிஎஸ்டபிள்யூ வெற்றிகரமாகப் போய்விட்டது, ஸ்டேட்டஸ் 0 என்று இருக்கும்.

இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கின்றன. பல்க் என்ட்பாயின்ட்டில் பாக்கெட்டுகள் டேட்டா0, டேட்டா1 என்று மாறி மாறிப் போக வேண்டும். ஹோஸ்ட்டின் ஒப்புகை கம்பியில் தொலைந்து டிவைஸ் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பினால், அதை அடையாளம் காண இந்த டாகிள் பிட். ஹோஸ்ட் டேட்டா0 எதிர்பார்க்கும்போது டேட்டா1 வந்தால், "இது பழைய பாக்கெட்டின் மறுபதிப்பு" என்று எடுத்துக்கொண்டு ஒப்புகை கொடுத்துவிட்டு, உள்ளடக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஸ்டாலை நீக்கும் கட்டளை வந்ததும் இரண்டு பக்கமும் டாகிளை டேட்டா0-க்குத் திருப்ப வேண்டும் என்பது யூஎஸ்பி 2.0 விதி, என்ட்பாயின்ட் உண்மையில் ஸ்டாலில் இருந்ததா இல்லையா என்பதைக்கூட அது பார்ப்பதில்லை. ஹோஸ்ட் திருப்பிவிட்டது. உங்கள் கன்ட்ரோலர் திருப்பவில்லை. சிஎஸ்டபிள்யூ டேட்டா1 ஆகப் போகிறது, ஒப்புகையும் வருகிறது, ஹார்டுவேர் "முடிந்தது" என்று இன்டரப்ட் எழுப்புகிறது, உங்கள் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் வெற்றி என்று எழுதுகிறது. ஹோஸ்ட்டின் கையில் ஒன்றும் இல்லை.

சில சமயம் மட்டும் வருவதற்கும் இதுவே காரணம். ஸ்டாலுக்கு முன்னால் அந்த என்ட்பாயின்ட்டில் போன பாக்கெட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால், டிவைஸின் டாகிள் தற்செயலாக டேட்டா0-வில் நிற்கும். எல்லாம் சரியாக ஓடும். ஒற்றைப்படை என்றால் தொங்கும். ஹோஸ்ட் இடையில் ஒரு டெஸ்ட் யூனிட் ரெடி (தயாரா என்று கேட்கும் கட்டளை) கூடுதலாக அனுப்பினால் போதும், முடிவு மாறிவிடும். கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது, வேறு போர்ட்டில் செருகினால் வருகிறது என்றெல்லாம் தோன்றுவதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

லினக்ஸில் ஏன் தெரியவில்லை? லினக்ஸின் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் பல வருடமாக மட்டமான பென் டிரைவ்களோடு குடித்தனம் நடத்திப் பழகியது. விபிடி பக்கங்களை (சீரியல் எண் போன்ற கூடுதல் விவரங்களை) அது கேட்பதே இல்லை. மோட் சென்ஸ் (வட்டின் அமைப்புகளைக் கேட்கும் கட்டளை) கேட்கும்போது, விண்டோஸ் கேட்பதுபோலவே 192 பைட் என்று கேட்கும், ஏனென்றால் சில டிவைஸ்கள் வேறு அளவைக் கண்டால் விழுந்துவிடும். தொடக்கத்தில் ரீட் ஃபார்மட் கெபாசிட்டிஸ் (எந்த அளவுகளில் ஃபார்மட் செய்யலாம் என்று கேட்கும் கட்டளை) அனுப்பாது. விண்டோஸ் அந்தக் கட்டளையையும் அனுப்பும், இன்க்வைரியில் விபிடி பிட்டை வைத்து சீரியல் எண்ணும் கேட்கும். இவற்றை உங்கள் டிரைவர் மறுக்கிறது. மறுக்கும்போதுதான் முதல் முறையாக ஸ்டால் நடக்கிறது. லினக்ஸோடு பேசும்போது ஸ்டால் பாதையே ஒரு முறைகூட ஓடியிருக்காது.

ஆகவே விண்டோஸை விட்டுவிட்டு, லினக்ஸிலேயே பிழையை வரவழையுங்கள். எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பில் இன்க்வைரிக்கான கருவி இருக்கிறது; விபிடி பக்கம் 80 வேண்டும் என்று கேளுங்கள். அதே தொகுப்பில் கட்டளை பைட்டுகளை அப்படியே அனுப்பும் கருவியும் உண்டு. ஹெக்ஸ் 23-ல் தொடங்கும் ரீட் ஃபார்மட் கெபாசிட்டிஸை அதன் வழியாக அனுப்பலாம். டாகிள்தான் குற்றவாளி என்றால், இடையில் ஒற்றை டெஸ்ட் யூனிட் ரெடி சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டுங்கள்; அதற்கு டேட்டா கிடையாது, சிஎஸ்டபிள்யூ ஒரு பாக்கெட் மட்டும் போகும், டாகிள் ஒருமுறை புரளும். தொங்குவது அதற்கேற்ப மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு வசதி: சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த வட்டின் டைம்அவுட் 30 என்று இருக்கும்; அது வழக்கமான படிப்பு, எழுத்துக்குத்தான், கட்டளை பைட்டுகளை அனுப்பும் கருவிக்கு டைம்அவுட்டை அதன் சொந்த விருப்பத்தில் கொடுக்க வேண்டும். இரண்டையும் 600 ஆக்கிவிடுங்கள். தொங்கியவுடன் ஹோஸ்ட் ரீசெட் அடித்துத் தடயத்தை அழிக்காது; டிவைஸ் பக்கம் ரிஜிஸ்டர்களை நிதானமாகப் பார்க்கலாம்.

திருத்த வேண்டிய இடம் கன்ட்ரோலர் டிரைவரில், ஸ்டால் நீக்கும் கட்டளையைக் கையாளும் பகுதி. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் டாகிளைப் பூஜ்யமாக்க ஒரு பிட் தனியாக இருக்கும். ஸ்டால் பிட்டை நீக்கினால் மட்டும் போதாது. டம்மி-ஹெச்சிடி இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே கம்பியே இல்லாதபோது டாகிள் எங்கிருந்து வரும்? கையில் பீகிள் 480 மாதிரி ஒரு ஹார்டுவேர் அனலைசர் இருந்தால் டேட்டா0, டேட்டா1 கண்ணெதிரே தெரியும். யூஎஸ்பிமான் அந்த மட்டத்துக்கு இறங்காது, ஹோஸ்ட் கன்ட்ரோலர் தந்த முடிவை மட்டும்தான் காட்டும்.

டாகிள் சரியாக இருந்தும் தொங்கினால், அதே வாசலில் இன்னும் இரண்டு பிழைகள் நிற்கலாம். ஃபங்ஷன் டிரைவர் (நீங்கள் எழுதியது) என்ட்பாயின்ட்டை ஸ்டால் செய்துவிட்டு, ஹோஸ்ட் அதை நீக்கும்வரை காத்திராமல் சிஎஸ்டபிள்யூவை வரிசையில் போட்டுவிடும். அது சரியான வழக்கம்தான். ஆனால் கன்ட்ரோலர் டிரைவர் ஸ்டாலை நீக்கும்போது வரிசையையும் சேர்த்துக் காலி செய்துவிட்டால், சிஎஸ்டபிள்யூ அதோடு போயிற்று. இன்னொன்று, முந்தைய டேட்டா இன்னும் ஃபிஃபோவில் (கன்ட்ரோலரின் வரிசைப் பஃபரில்) இருக்கும்போதே ஸ்டால் போடுவது. அந்த நிலையில் கன்ட்ரோலர் டிரைவர் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பிழை எண் திருப்ப வேண்டும். ஃபங்ஷன் டிரைவர் மறுபடி முயல வேண்டும். கெர்னலில் உள்ள டிரைவர் 100 மில்லிவிநாடி தூங்கி எழுந்து மறுபடி முயல்கிறது. நீங்கள் அந்தத் திருப்பு மதிப்பைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஸ்டால் நடக்கவே நடக்காது, ஹோஸ்ட் டேட்டாவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

கேட்டதைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடமும் மறுப்பில் ஒரு வகைதான். ஹோஸ்ட் 192 பைட் கேட்கிறது, உங்களிடம் 4 பைட்தான் இருக்கிறது என்றால் 4 அனுப்புங்கள். 512-க்குக் குறைந்த பாக்கெட் என்பதால் டேட்டா கட்டம் அங்கேயே முடிந்துவிட்டதை ஹோஸ்ட் புரிந்துகொள்ளும். சிஎஸ்டபிள்யூவில் மிச்சம் 188 என்று எழுதுங்கள். சிக்கல் எங்கே வரும் என்றால், ஹோஸ்ட் 4096 கேட்டு, நீங்கள் கொடுப்பது சரியாக 1024 ஆக இருக்கும்போது. இரண்டு முழு பாக்கெட் போய்விட்டது, குறைந்த பாக்கெட் எதுவும் இல்லை. இன்னும் வரும் என்று ஹோஸ்ட் காத்திருக்கும். அடுத்து நீங்கள் அனுப்பும் 13 பைட் சிஎஸ்டபிள்யூவை டேட்டாவின் வால் என்று விழுங்கிவிடும். இங்கே ஸ்டால் போட வேண்டும், அல்லது பூஜ்ய நீள பாக்கெட் ஒன்று அனுப்ப வேண்டும். அதற்காக எல்லா இடத்திலும் பூஜ்ய நீள பாக்கெட்டைச் சேர்த்துவிடாதீர்கள். கேட்ட அளவு முழுவதையும் கொடுத்த பிறகு அது போனால், ஹோஸ்ட் அதைக் காலி சிஎஸ்டபிள்யூ என்று படிக்கும். லினக்ஸ் இதையும் பெருந்தன்மையோடு மன்னித்து இன்னொரு முறை படிக்கும். மற்ற ஹோஸ்ட்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஹோஸ்ட் சொன்ன நீளமும் திசையும் ஒரு பக்கம், கட்டளை உண்மையில் கேட்கும் நீளமும் திசையும் இன்னொரு பக்கம். இவை எப்படியெல்லாம் முரண்படலாம் என்பதை பல்க்-ஒன்லி விவரக்குறிப்பு பதின்மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டிவைஸ் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1999-ல் வந்த சிறிய ஆவணம்; ஓர் இரவில் படித்துவிடலாம். அந்தப் பதின்மூன்றையும் உங்கள் கோடில் ஒரே ஃபங்ஷனில் கையாளுங்கள். ஒவ்வொரு கட்டளையின் உள்ளேயும் சிதறவிட்டால் ஏதோ ஒன்றில் நிச்சயம் விட்டுப்போகும். யூஎஸ்பி அமைப்பே தரும் சிவி சோதனைக் கருவி விண்டோஸில் ஓடும். மாஸ் ஸ்டோரேஜ் பகுதியில் இந்த நிலைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும்.

மறுத்த பிறகு காரணம் சொல்வதும் உங்கள் பொறுப்பு. நிலை 01 கண்ட ஹோஸ்ட் உடனே ரிக்வெஸ்ட் சென்ஸ் அனுப்பும். தெரியாத கட்டளை என்றால் 05/20/00, கட்டளை தெரியும் ஆனால் உள்ளே கேட்டது ஆதரிக்கப்படவில்லை என்றால் 05/24/00. விபிடி பக்கத்துக்கு இரண்டாவது. பலர் இன்க்வைரியின் விபிடி பிட்டைப் பார்க்காமலே வழக்கமான 36 பைட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். ஹோஸ்ட் அதைச் சீரியல் எண் என்று படிக்க முயலும். கட்டளையில் எந்தெந்த பைட் பூஜ்யமாக இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு மாஸ்க் வைத்துச் சோதிப்பது கெர்னல் டிரைவரின் வழக்கம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டாவது பிரச்சினை: செக்சம். முதலில் ஒரு கேள்வி. ஹோஸ்ட் அந்த வட்டை மவுன்ட் செய்திருக்கும்போது போர்டிலும் அதே இமேஜை லூப் மவுன்ட் செய்திருக்கிறீர்களா? படிக்க மட்டும் என்றாலும் வேண்டாம். இரண்டு கெர்னல்கள், இரண்டு கேஷ், ஒன்று மாற்றியது மற்றதற்குத் தெரியாது. ஃபேட் அட்டவணை குழம்பத்தான் செய்யும். அதில் உங்கள் டிரைவர் செய்வதற்கு எதுவும் இல்லை.

அப்படி இல்லை என்றால், ஃபைல் சிஸ்டத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு நேரடியாக வட்டில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு செக்டரிலும் அதன் சொந்த எண்ணை 8 பைட்டுக்கு ஒருமுறை நிரப்புங்கள். பிறகு கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் முறையில் திரும்பப் படியுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ்ட் தன் நினைவகத்தில் இருப்பதையே உங்களுக்குக் காட்டி "எல்லாம் சரி" என்றுவிடும். போர்டு பக்கத்திலும் இமேஜ் ஃபைலைத் தனியாகச் சோதியுங்கள். அப்போதுதான் கெட்டது எழுதும்போதா படிக்கும்போதா என்று தெரியும். இனி கெட்ட இடத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லும். 32 அல்லது 64 பைட் துண்டாகப் பழைய டேட்டா தெரிந்தால் அது சிபியூ கேஷ் வரி. டிஎம்ஏவுக்குக் கொடுத்த பஃபர் ஸ்டேக்கிலோ விமல்லாக்கிலோ இருந்து வந்திருக்கலாம், அல்லது வேறொரு மாறியோடு ஒரே கேஷ் வரியைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். கெர்னலின் டிஎம்ஏ ஏபிஐ டிபக் விருப்பம் இவற்றில் பலவற்றைப் பெயர் சொல்லிப் பிடிக்கும். முழுச் செக்டரில் பக்கத்துச் செக்டரின் எண் இருந்தால் கணக்குப் பிழை. கேடு உங்கள் பஃபர் அளவின் எல்லையில், 16 கேபிக்கு ஒருமுறை தொடங்கி, அங்கே முந்தைய பஃபரின் டேட்டா இருந்தால், அது இரட்டை பஃபர்களுக்கு இடையிலான போட்டி.

கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் நிலையில் அதிக சாத்தியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரிய ஃபைலில் மட்டும் வருகிறது. லினக்ஸ் ஹோஸ்ட் ஹை-ஸ்பீடில் ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 240 செக்டர், அதாவது 120 கேபி அனுப்பும். 16 கேபி பஃபர் இரண்டு இருந்தால் அவை மாறி மாறி நான்கு முறை நிரம்பும். சிறிய ஃபைலில் இந்தச் சுழற்சியே நடப்பதில்லை. பஃபர் நிரம்பியதைக் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் ஒரு கொடியில் எழுதுகிறது, வேலை செய்யும் த்ரெட் அந்தக் கொடியைப் பார்த்து ஃபைலில் எழுதுகிறது. பல கோர் உள்ள ஆர்ம் சிப்பில், கொடி மாறியது தெரிந்தும் பஃபரின் நீளம் போன்ற மற்ற மதிப்புகள் பழையதாகவே தெரிய வாய்ப்புண்டு. கெர்னல் டிரைவரில் கொடியை எழுதும்போது ரிலீஸ், படிக்கும்போது அக்வயர் என்று நினைவக வரிசையைக் காக்கும் தனி ஃபங்ஷன்களைப் பயன்படுத்துவதைப் பார்ப்பீர்கள். எக்ஸ்86 கணினியில் இவை இல்லாமலும் பெரும்பாலும் ஓடிவிடும் என்பதால், டம்மி-ஹெச்சிடி சோதனையில் தேறியது எதற்கும் சான்றாகாது.

கம்ப்ளீஷன் ஃபங்ஷனுக்குள்ளேயே ஃபைலில் எழுதுகிறீர்கள் என்றால் அதை உடனே பிரித்துவிடுங்கள். அது இன்டரப்ட் சூழலில் ஓடலாம். ஃபைலில் எழுதுவது தூங்கக்கூடிய வேலை. எழுத்து தாமதமாவதும் தொங்கலாகத் தோன்றலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான எம்பி போர்டின் நினைவகத்தில் சேர்ந்து நின்று, ஹோஸ்ட் சிங்க்ரனைஸ் கேஷ் அனுப்பியவுடன் மொத்தமும் மெதுவான எஸ்டி கார்டில் எழுதப்பட்டால், 30 விநாடி தாண்டிவிடும். லாகில் வருவது அதே ரீசெட் வரிதான், ஆனால் அதற்கு முன் -32 இருக்காது.

இவ்வளவையும் தேடும்போது பிரின்ட்கே (கெர்னல் லாகில் எழுதும்) வரிகளை அள்ளிப் போடாதீர்கள். 115200 பாட் சீரியல் கன்சோலில் 80 எழுத்து வரி ஒன்று ஏறக்குறைய 7 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். பஃபர் போட்டி போன்ற பிழை அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும், நீங்கள் வரிகளை எடுத்ததும் திரும்பி வரும். ட்ரேஸ்-பிரின்ட்கே நினைவகத்தில் மட்டும் எழுதும். கேஜெட் அடுக்குக்கு என்றே ட்ரேஸ் நிகழ்வுகள் கெர்னலில் இருக்கின்றன: ரிக்வெஸ்ட் வரிசையில் சேர்ந்தது, முடிந்து திரும்பியது, ஸ்டால் போட்டது என ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகும். அதை ஒரு பக்கமும் யூஎஸ்பிமான் பதிவை மறுபக்கமும் திறந்துவைத்து, சிபிடபிள்யூ டேக்கை வைத்து வரிக்கு வரி பொருத்துங்கள். டேக் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கடிகாரங்கள் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

பதிவில் "கேஷிங் மோட் பேஜ் கிடைக்கவில்லை, ரைட் த்ரூ என்று எடுத்துக்கொள்கிறேன்" என்ற பொருளில் இரண்டு வரி வரும். அதைத் துரத்த வேண்டாம், நல்ல பென் டிரைவ்களுக்கும் வருவதுதான். விண்டோஸ் பக்கம் இன்னொரு எச்சரிக்கை: மைக்ரோசாஃப்ட் ஓஎஸ் டிஸ்கிரிப்டர் (விண்டோஸுக்கென டிவைஸ் தரும் கூடுதல் விவரம்) உண்டா இல்லையா என்பதை அது வென்டர் எண், பிராடக்ட் எண், டிவைஸ் பதிப்பு எண் மூன்றையும் சேர்த்த பெயரில் ரெஜிஸ்ட்ரியின் யூஎஸ்பிஃப்ளாக்ஸ் பகுதியில் எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் கேட்பதில்லை. டிஸ்கிரிப்டரை மாற்றிச் சோதிக்கும்போது பதிப்பு எண்ணையும் ஏற்றுங்கள். சீரியல் எண் ஸ்ட்ரிங் குறைந்தது 12 எழுத்து, எல்லாம் ஹெக்ஸ் இலக்கங்களாக இருக்கட்டும். விவரக்குறிப்பு கேட்பது அதுதான்.

கன்ட்ரோலரின் டாகிளைத் திருத்தவே முடியவில்லை, ஹார்டுவேரிலேயே கோளாறு என்றால், ஸ்டாலே போடாத வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. கெர்னல் டிரைவரில் ஸ்டால் என்ற மாட்யூல் விருப்பத்துக்கு 0 கொடுப்பது இதற்காகத்தான். உங்கள் டிரைவரிலும் அதே மாதிரி வைத்து, மறுக்கும்போது டேட்டா கட்டத்தைக் குறைந்த பாக்கெட்டாலோ பூஜ்ய நீள பாக்கெட்டாலோ முடித்துவிட்டு, நிலை 01 அனுப்புங்கள். ஹோஸ்ட் எழுத வரும் டேட்டாவை மறுக்க வேண்டுமானால் முழுவதையும் வாங்கித் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நேரம் வீணாகும், ஆனால் தொங்காது. அடையாளக் குறியே தவறான சிபிடபிள்யூ வந்தால் மட்டும் இது செல்லாது. அப்போது இரண்டு பல்க் என்ட்பாயின்ட்டையும் ஸ்டாலில் பூட்டி, ஹோஸ்ட் மாஸ் ஸ்டோரேஜ் ரீசெட் அனுப்பும்வரை திறக்காமல் வைத்திருக்க வேண்டும்.